துடுப்பு போடுகிற கை நிற்குமா?

மகன் வேலைக்காக ஓசூர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவன் விட்டுப்போன கிட்டார் பீரோ மேலேயே கிடந்தது. போன மாதம் தூசி தட்ட எடுத்தால், கம்பியெல்லாம் துரு. மாப்பிள்ளையூரணியில் இது அதிசயமில்லை. பக்கத்தில் உப்பளம், அந்தப் பக்கம் கடல். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே துருவேறித்தான் நிற்கிறது!

புதுக் கம்பி மாட்டினேன். டிசம்பரில் கேரலுக்கு அவன் வருவான். அதற்குள் ஒரு பாட்டாவது வாசித்துக் காட்ட வேண்டும் என்று 46 வயதில் ஓர் ஆசை.

யூடியூபில் முதலில் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கிற அதே பாடம்தான்: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் கார்டு மாற்றும் ஒவ்வொரு தடவையும் இடது கை விரலைத் தேடும்; வலது கை அதற்காகக் காத்து நிற்கும். பாட்டு நொண்டியடிக்கும்.

வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பாதான் ஒருநாள் பொறுக்காமல், “ஏ புள்ள, கை ஏன் நின்னு நின்னு போவுது? துடுப்பு போடுறவன் கை நிக்குமா?” என்றார். எஞ்சின் வருவதற்கு முன் வள்ளத்தில் துடுப்பு போட்டவர் அவர்.

யோசித்துப் பார்த்தால் அதுதான் மொத்தப் பாடமும். துடுப்பு தண்ணீரை இழுக்கும்; பிறகு காற்றில் திரும்பி வரும். தண்ணீரைத் தொடாத நேரத்திலும் கை ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்ட்ரம்மிங்கும் அப்படியே. ‘ஒன்று-உம், இரண்டு-உம், மூன்று-உம், நான்கு-உம்’ என்று எண்ணுங்கள். எண்ணுக்குக் கை கீழே, ‘உம்’முக்கு மேலே. மேலே சொன்ன பாடத்தில் முதல் ‘உம்’மிலும் ‘மூன்றி’லும் கை கம்பியைத் தொடாமல் காற்றில் போகிறது, அவ்வளவுதான். இது தெரிந்தால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

முதல் வாரம் கார்டே வேண்டாம். இடது உள்ளங்கையைக் கம்பிகள் மேல் லேசாக வைத்து அடைத்துவிட்டு, வலது கையை மட்டும் ஓட்டுங்கள். மெதுவாக, வாய்விட்டு எண்ணியபடி. கார்டு சேர்த்த பிறகு விரல் தாமதமானால் ஆகட்டும்; சத்தம் மங்கலாக வந்தாலும் கை நிற்க வேண்டாம். மங்கலான ஓர் அடியைக் கேட்பவர் மன்னிப்பார். நின்றுபோன தாளம்தான் உறுத்தும்.

இன்னொரு விஷயம். எல்லாப் பாட்டும் நான்கில் ஓடாது. நம் கும்மிப் பாட்டைக் கைதட்டிப் பாருங்கள்: தகிட, தகிட என்று மும்மூன்றாக வரும். அதில் நான்கு எண்ணிக்கை ஸ்ட்ரம்மிங்கைத் திணித்தால் ஒட்டவே ஒட்டாது. ஆறு எண்ணி, ஆறுக்கும் கீழ் அடி. ஒன்றுக்கும் நான்குக்கும் மட்டும் கொஞ்சம் அழுத்தம். ஆகவே எந்தப் பாட்டானாலும் கிட்டாரை எடுக்கும் முன் தொடையில் தட்டி, மூன்றா நான்கா என்று கண்டுபிடியுங்கள்.

நான் தேர்ந்தெடுத்த ‘சைலன்ட் நைட்’டும் அந்த ஆறு எண்ணிக்கைதான். 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஆஸ்திரியாவில் ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்தில் முதன்முதலாகப் பாடப்பட்டபோது அதற்குத் துணையாக இருந்தது ஒரு கிட்டார்தான். ஜி, சி, டி என்று மூன்றே கார்டு போதும். வேகமும் இல்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல பாட்டு வேண்டுமா?

கடலோரத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியைத் துடைத்து, கிட்டாரை உறைக்குள் வையுங்கள். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் கம்பி சீக்கிரம் போய்விடும்.

மகனிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று ஜியிலிருந்து டிக்கு மாறும்போது விரல் தப்பியது, கை நிற்கவில்லை. வாசலிலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. அப்பா குறை சொல்லவில்லை என்றால், சரியாகப் போகிறது என்று அர்த்தம்.