அப்பாவின் இடது கால்

அப்பாவுக்கு 64 வயது. செம்பனைப் பழம் ஏற்றும் லோரியை முப்பது வருடங்களுக்கு மேல் ஓட்டியவர். அத்தனை வருடமும் கிளட்ச் மிதித்த இடது முழங்காலில்தான் போன வருடம் அறுவைச் சிகிச்சை நடந்தது. "இனிமேல் கிளட்ச் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னபோது, உப்பைக் குறை, சர்க்கரையைக் குறை என்று கேட்டுக்கொள்வதைப் போலத்தான் அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து வாசலில் நிற்கும் மனுவல் காரைப் பார்த்தபிறகுதான் அவருக்கு அதன் அர்த்தம் புரிந்தது.

நிபோங் திபாலில் கார் இல்லாமல் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சுங்கை பாக்காப் மருத்துவமனைக்கு, கோயிலுக்கு, பாரிட் புந்தாரில் இருக்கும் அத்தை வீட்டுக்கு, எங்கே போனாலும் யாரையாவது கேட்க வேண்டும். அப்பா யாரையும் கேட்காதவர். இரண்டு மாதத்தில் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். நான் வார நாளெல்லாம் வானொலியில் காலை நேரத்தில் ஊரையே சிரிக்க வைத்துவிட்டு, சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

"ஆத்தோ காடி வாங்கலாம்பா" என்றேன்.

"அது காடியா? ரிமோட் வச்ச விளையாட்டுச் சாமான்" என்றார். அப்புறம் ஒரு வாரம் கழித்து, "எவ்வளவு வரும்?" என்று கேட்டார்.

அவரிடம் இருந்தது 22,000 வெள்ளி. சேமநிதியில் மிச்சம் வைத்திருந்த பணம். வங்கிக் கடன் வேண்டாம் என்பது அவர் முடிவு. மாதச் சம்பளம் இல்லாத மனிதருக்கு அதுவே சரி. ஆனால் கடன் இல்லை என்றால் தப்பு செய்யவும் இடம் இல்லை. இந்தப் பணம் போனால் இன்னொரு தடவை வராது.

தப்பு எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும். 26 வயதில், முதல் வேலை நிரந்தரமான சந்தோஷத்தில், ஐரோப்பிய ஹேட்ச்பேக் ஒன்றைப் பழசாக வாங்கினேன். தோல் இருக்கை, கதவை மூடினால் 'டப்' என்று கனமான சத்தம். எட்டாவது மாதத்தில் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் கியர் விழாமல் நடுரோட்டில் நின்றது. பழுது பார்க்கும் செலவு காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. எந்த கார், எந்தக் கடை என்பதெல்லாம் இருக்கட்டும். வாங்கும்போது நான் பார்த்தது பெயிண்டையும் ரேடியோவையும்தான். என் தொழில் புத்தி! கியர்பாக்ஸ் எந்த வகை என்றுகூடக் கேட்கவில்லை.

ஆட்டோ கார் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் குறைந்தது மூன்று வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. முதலாவது, பழைய வகை. நான்கைந்து கியர், எண்ணெயின் ஓட்டத்தால் வேலை செய்யும் டார்க் கன்வர்ட்டர். கொஞ்சம் மந்தம், பெட்ரோலும் சற்று அதிகம். ஆனால் ஊருக்கு ஊர் இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் உண்டு. இரண்டாவது சிவிடி. இதில் கியர் சக்கரங்கள் மாறுவதில்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே எஃகு பெல்ட் ஓடும். ஓட்டினால் வெண்ணெய் மாதிரி இருக்கும். சரியான எண்ணெயைச் சரியான நேரத்தில் மாற்றவில்லை என்றால் பெல்ட்டும் கப்பியும் உராய்ந்து கெடும். மூன்றாவது இரட்டைக் கிளட்ச். உள்ளே மனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சைக் கம்ப்யூட்டர் மிதிக்கிறது. இதில் உலர் கிளட்ச் வகைக்கு நம் ஊர் வெயிலும் நெரிசலும் சுத்தமாக ஆகாது. ஆஸ்திரேலியாவில் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் பற்றிப் புகார் செய்த வாடிக்கையாளர்களை நடத்திய விதத்துக்காக, 2018-இல் கூட்டரசு நீதிமன்றம் ஃபோர்டு நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. (என் கார் அந்த நிறுவனத்துடையது அல்ல, யாரும் கணக்குப் போட வேண்டாம்.)

இதில் குழப்பம் என்னவென்றால், காரின் பெயர் ஒன்றாகவே இருக்கும், உள்ளே இருக்கும் கியர்பாக்ஸ் மாறிவிடும். மைவி 2005-இல் வந்ததிலிருந்து நான்கு கியர் ஆட்டோதான்; 2021 நவம்பரில் வந்த புதுப்பித்த வடிவத்தில்தான் சிவிடிக்கு மாறியது. எக்சியாவில் அந்த மாற்றம் 2023-இல் நடந்தது. சாகா இதற்கு நேர் எதிர். 2011-இல் வந்த எஃப்எல்எக்ஸ் ஆட்டோவில் சிவிடி. 2019 ஆகஸ்டில் அதை விட்டுவிட்டு ஹூண்டாயின் நான்கு கியர் ஆட்டோவுக்குப் போனார்கள். வியோஸ் 2016 கடைசியில் சிவிடி ஆனது. ஹோண்டா சிட்டி 2009-இல் ஐந்து கியர் ஆட்டோ, 2014-இல் சிவிடி. ஆகவே "சாகா நல்லதா, வியோஸ் நல்லதா?" என்று கேட்டால் பதில் கிடையாது. எந்த வருடத்து சாகா என்று கேட்க வேண்டும்.

சிவிடி மோசம் என்று நான் சொல்லவில்லை. புதிதாக வாங்கி, கணக்காகப் பராமரிப்பவர்களுக்கு அது நல்ல பொருள். பத்து வயதான, எண்ணெய் மாற்றியதற்குக் கணக்கு இல்லாத சிவிடியை, கையில் இருக்கும் கடைசி 20,000 வெள்ளியைக் கொடுத்து வாங்குவது வேறு விஷயம். அதனால் அப்பாவுக்குப் பழைய நான்கு கியர் ஆட்டோ மட்டுமே என்று நான் முடிவு செய்தேன். காருக்கு 18,500-க்கு மேல் கொடுப்பதில்லை என்றும் ஒரு கோடு போட்டோம். மிச்சம் காப்புறுதிக்கும், டயருக்கும், பேட்டரிக்கும், எல்லா எண்ணெயையும் மாற்றவும். பழைய கார் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அடிபடுவது இந்த மிச்சத்தை வைக்காமல்தான்.

முதல் சனிக்கிழமை, பெருநிலத்தில் ஒரு பழைய கார் விற்பனை மையம். "லேடி ஓனர் அங்கிள், ஒரே கை" என்றார் விற்பனையாளர். இந்த நாட்டில் விற்பனைக்கு வரும் எல்லாப் பழைய கார்களையும் பெண்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள் போல. அதே விற்பனையாளர் நான் கேட்ட ஒரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை, எல்லாம் அப்பாவிடம்தான். அவர் சொன்ன கார் விற்றுவிட்டதாம். அதே விலையில் ஒரு செடானைக் காட்டினார். நான் பானட்டில் கை வைத்தேன். சுட்டது. நாங்கள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். அதற்கு முன்பே என்ஜினை ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜினில் தெரியும் குறைகள் பல, சூடானால் மறைந்துவிடும். இருந்தாலும் ஓட்டிப் பார்த்தோம். மெதுவாக நகரும்போது ஓர் உதறல், தகரக் கூரையில் மழை விழுவது மாதிரி. "அது டயர் பேலன்சிங் அங்கிள்" என்றார். அப்பா இறங்கி, ஒன்றும் பேசாமல் எங்கள் காரை நோக்கி நடந்தார். கியர்பாக்ஸ் பற்றி அவருக்குத் தெரியாது. பொய் சொல்லும் குரல் தெரியும்.

இரண்டாவது, ஒரு தனி ஆள் விற்ற கார். மைவிதான், விலை சந்தைக்கு 3,000 வெள்ளி குறைவு. உள்ளே பச்சை நிற வாசனைத் திரவம் இரண்டு புட்டி. இத்தனை வாசனை எதற்கு? பினாங்கில் 2017 நவம்பரில் வந்த வெள்ளத்தையும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதையும் நாம் மறந்திருப்போம், அந்தத் தண்ணீரில் நின்ற கார்கள் மறக்காது. முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். அடியில் சேற்று நிறத்தில் ஒரு கோடு. சீட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் துரு. ஆட்டோ காரில் வெள்ளம் என்றால் இருக்கை நனைந்ததோடு போகாது. கியரை மாற்றும் கணினிப் பெட்டி, சென்சார், வயர் எல்லாம் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும். நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

மூன்றாவது, பாரிட் புந்தாரில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. 2013 மைவி 1.3, நான்கு கியர். மகன் வேறு கார் வாங்கிக் கொடுத்துவிட்டதால் விற்கிறார். 19,000 கேட்டார். சர்வீஸ் புத்தகம் இருந்தது, தேதி தேதியாக முத்திரையோடு. மீட்டர் 118,000 கிலோமீட்டர் காட்டியது. புத்தகத்தில் கடைசியாக எழுதிய எண் அதற்கு ஒத்துப்போனது. பிரேக் பெடலின் ரப்பர் தேய்மானமும் அந்த எண்ணுக்கு ஏற்றதாக இருந்தது. மீட்டரைத் திருப்புகிறவர்கள் பெடலை மாற்ற மறந்துவிடுவார்கள்.

பானட் குளிர்ந்திருந்தது. என்ஜினை எழுப்பி, பிரேக்கை மிதித்தபடி என்-னிலிருந்து டி, மறுபடி என், பிறகு ஆர். ஒவ்வொரு தடவையும் ஒரு நொடிக்குள் கார் மெல்லப் பிடித்தது. இடி இல்லை, தயக்கம் இல்லை. அப்புறம் ஓட்டினோம். வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வருவது சோதனை ஆகாது. கியர் எண்ணெய் சூடாக அரை மணி நேரமாவது வேண்டும். சூடாகி நீர்த்துப் போகும்போதுதான் தேய்ந்த கியர்பாக்ஸ் வழுக்கும். ஜாவி டோலில் ஏறி புக்கிட் தம்புனில் இறங்கி, சிம்பாங் அம்பாட், சுங்கை பாக்காப் வழியாகப் பழைய சாலையில் திரும்பினோம். நம் பக்கம் எல்லாம் சமதரை, ஏற்றம் வேண்டும் என்றால் மேம்பாலம்தான். அங்கே ஆக்சிலேட்டரை அழுத்தும்போது என்ஜின் மட்டும் கத்தி, வேகம் கூடாமல் இருக்கிறதா என்று கவனித்தேன். இல்லை. திரும்பி வந்ததும் மறுபடி என், டி, ஆர். சூட்டிலும் அதே பதில்.

சுங்கை பாக்காப்பில் எங்களுக்குத் தெரிந்த பொமன் ஒருவர் இருக்கிறார். ஆசிரியையின் அனுமதியோடு கார் அவரிடம் போனது. கருவியைச் செருகி, பிழைக் குறியீடு எதுவும் சமீபத்தில் அழிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தார். அழித்திருந்தால், கார் தன்னைத் தானே செய்துகொள்ளும் சில சோதனைகள் முடியாமல் நிற்கும். கருவியில் அது தெரியும். கியர் எண்ணெயில் ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டார். புதிதாக இருக்கும்போது சிவப்பு. இது லேசான பழுப்பு, ஆனால் கருகல் வாசனை இல்லை. "மாத்திடலாம். ஒரேயடியா அழுத்தம் கொடுத்துக் கழுவ வேணாம், வடிச்சு ஊத்தலாம், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு இன்னொரு தடவை" என்றார். முன்பக்க அப்சார்பர் இரண்டும் போய்விட்டன என்று ஒரு கணக்கும் கொடுத்தார். அந்தக் காகிதத்தை அப்பா ஆசிரியையிடம் காட்டவே கூச்சப்பட்டார். நான் காட்டினேன். 18,200-க்கு ஒத்துக்கொண்டார்.

புஸ்பாகோம் சோதனை இருக்கிறதே, பிறகு எதற்கு இதெல்லாம் என்று நேயர் ஒருவர் என்னிடம் கேட்டார். பெயர் மாற்றத்துக்கான பி-5 சோதனை, கார் அதே கார்தானா, என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் சரியா என்பதையெல்லாம் பார்ப்பதற்கு. அது மிகவும் அவசியம். ஆனால் உங்கள் கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை வருடம் உழைக்கும் என்று அது சொல்லாது. அதே மாதிரி, கெரானில் வங்கியின் பெயர் இன்னும் இருந்தால் கடன் தீர்ந்ததற்கான கடிதம் வரும்வரை முழுப் பணத்தையும் நீட்டாதீர்கள், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும்.

அப்பாவின் பழைய காரில் சேர்ந்திருந்த 55 விழுக்காடு காப்புறுதிக் கழிவு புதிய காருக்கு மாறியது. அந்தக் கழிவு காருக்கு அல்ல, ஆளுக்குச் சொந்தம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1.3 லிட்டருக்குச் சாலை வரி வருடம் 70 வெள்ளி. எண்ணெய், அப்சார்பர், இரண்டு டயர் எல்லாம் போக அவர் கையில் இன்னும் கொஞ்சம் நின்றது. அதை எண்ணித் திரும்ப அலமாரியில் வைத்தார்.

காரை வாங்கிய பிறகுதான் நான் யோசிக்காத ஒன்று வந்தது. முப்பது வருடப் பழக்கம்! சிக்னலை நெருங்கியதும் அவருடைய இடது கால் தானாக எழுந்து, கிளட்ச் என்று நினைத்து, அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது. நான் கண்ணாடியில் முட்டாதது சீட் பெல்ட்டால். பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. மனுவலிலிருந்து மாறும் வீட்டுப் பெரியவர்களை முதல் வாரம் காலித் திடலில் ஓட்ட விடுங்கள். நாங்கள் ஞாயிறு காலையில் ஆள் இல்லாத ஒரு வாகன நிறுத்துமிடத்துக்குப் போனோம். இடது காலைச் சீட்டுக்குக் கீழே மடக்கி வைக்கச் சொன்னேன். முழங்கால் மடங்க மறுத்தது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: இடது காலுக்கு மட்டும் செருப்பு போடுவதில்லை. வெறுங்கால் பாயில் படும்போது, அது சும்மா இருக்க வேண்டிய கால் என்று ஞாபகம் வருகிறதாம்.

போன சனிக்கிழமை நான் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. கைப்பேசியில் அழைத்தேன். பாரிட் புந்தாரில் அத்தை வீட்டில் இருந்தார். "நீ சாப்பிட்டுப் படு பாப்பா, நான் வர லேட்டாகும்" என்றார். வாசலில், மனுவல் கார் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், ஒற்றைச் செருப்பு கிடந்தது.