காதில் எண் உண்டு, கால்வழி இல்லை

கெடிலம் ஆற்றை ஒட்டிய திருநாவலூர் வட்டாரம் செம்மறி ஆடுகளைப் பொறுத்தவரை ஓர் எல்லைப்புறம். வடக்கிலும் வடகிழக்கிலும் விழுப்புரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் சென்னைச் சிவப்பு இனமும், மேற்கே சேலம், தருமபுரி, ஈரோடு பக்கம் மேச்சேரி இனமும், தென்மேற்கே பெரம்பலூர், திருச்சி பக்கம் திருச்சி கருப்பு இனமும் நிலைகொண்டிருக்கின்றன. இவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில் பத்து இருபது ஆடுகளோடு புதிதாகப் பட்டி போடும் சிறு விவசாயி, சந்தையில் வாங்கும் ஆடு எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை அதன் நிறத்தையும் கொம்பையும் காதையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. விற்பவர் ‘அசல் மேச்சேரி’ என்று சொல்வதற்கு அவருடைய வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

கண்ணால் பார்த்து இனம் காண்பதற்கு எல்லை உண்டு. மேச்சேரி ஆடு வெளிர்பழுப்பு நிறமும் குட்டை ரோமமும் கொண்டது; அதில் கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பு கிடையாது. சென்னைச் சிவப்பும் பழுப்பு நிறத்ததே. அதில் கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. ஆகவே இவ்விரண்டின் கலப்பில் பிறந்த பழுப்புநிறப் பெட்டையை மேச்சேரி என்று சொல்லி விற்றால் தேர்ந்த வியாபாரிகூட ஏமாறக்கூடும். அது ஈன்ற கிடாக்குட்டிக்குக் கொம்பு முளைக்கும்போதுதான் ஐயம் எழும். அதற்குள் வாங்கியவரின் முதலீட்டில் ஓராண்டு கரைந்திருக்கும்.

இந்தியாவில் பதிவு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இனப் பதிவுதான். தனி ஆட்டின் பதிவு அல்ல. 1984இல் தொடங்கப்பட்டு இப்போது அரியானா மாநிலம் கர்னாலில் இயங்கும் தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் நாட்டின் கால்நடை இனங்களை ஆராய்ந்து, ஒவ்வொன்றின் உடற்கூறுகளையும் பரவியுள்ள பகுதியையும் வரையறுத்து, இனத்துக்கு ஒரு பதிவெண் வழங்குகிறது. மேச்சேரி, சென்னைச் சிவப்பு, திருச்சி கருப்பு, கோயம்புத்தூர், நீலகிரி, ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர், செவ்வாடு, கச்சைகட்டி கருப்பு ஆகிய தமிழகச் செம்மறி இனங்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆனால் இந்த ஆட்டின் தாய் எது, தந்தை எது, அவற்றின் பெற்றோர் எவை என்று தலைமுறைதோறும் எழுதிவைக்கும் வம்சாவளிப் பதிவேடு வேறு வகையானது. மாடு, எருமைகளில் அதற்கென மத்திய மந்தைப் பதிவுத் திட்டம் உள்ளது. கிர், காங்கிரேஜ், அரியானா, ஓங்கோல் மாடுகளும் முர்ரா முதலிய எருமைகளும் அதில் அடங்கும். செம்மறி அதில் இல்லை.

இப்போது ஆட்டின் காதில் ஏறியிருப்பது 12 இலக்க எண் பொறித்த காது வில்லை. இந்த எண் ‘பாரத் பசுதன்’ எனப்படும் தேசியக் கால்நடைத் தரவுத்தளத்தில் உரிமையாளரின் பெயரோடு சேர்க்கப்படுகிறது. வில்லை இல்லாத ஆட்டுக்குக் காப்பீடு இல்லை. காப்பீட்டுக் கட்டணத்தில் விவசாயியின் பங்கு 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது 2024 பிப்ரவரியில்தான் என்பதால், புதிதாகத் தொடங்குபவர் ஆடு வாங்கிய கையோடு கால்நடை மருந்தகத்துக்குச் சென்று வில்லை பொருத்திக்கொள்வது நல்லது.

வில்லை பொருத்துவது சிறு வேலைதான், ஆனால் கவனம் வேண்டும். ஊசிமுனை உள்ள பகுதி, துளையுள்ள பகுதி என வில்லைக்கு இரு பாகங்கள் உண்டு. இடுக்கி போன்ற கருவியில் இரண்டையும் பொருத்தி, காதின் நடுப்பகுதியில் இரத்த நாளங்களுக்கு இடையே ஒரே அழுத்தில் குத்த வேண்டும். விளிம்பை ஒட்டிக் குத்தினால் வேலியிலோ முட்செடியிலோ மாட்டிக் காது கிழிந்துவிடும். குட்டிக்குப் பொருத்தும்போது காது வளர்வதற்கு இடைவெளி விடாவிட்டால் வில்லை சதையில் பதிந்து புண்ணாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைப்பதால், மழை தொடங்குவதற்கு முன்பே இவ்வேலையை முடித்து, புண் ஆறும்வரை மருந்து தடவிப் பார்த்துக்கொள்வதே முறை.

இவ்வளவு பாடுபட்டுப் பொருத்திய எண், ஆடு யாருடையது என்று சொல்கிறதே தவிர, அது யாருக்குப் பிறந்தது என்று சொல்வதில்லை. கறவை மாட்டுக்குச் செயற்கைமுறைக் கருவூட்டல் செய்யும்போது எந்தக் காளையின் விந்து என்பது பதிவாகிறது. செம்மறியில் பெரும்பாலும் இயற்கைச் சேர்க்கையே நடப்பதாலும், மேய்ச்சலில் பல பட்டிகள் கலப்பதாலும், உரிமையாளர் குறித்து வைத்தாலன்றித் தந்தையின் விவரம் எங்கும் எழுதப்படுவதில்லை. அதனால் விளையும் கேடு இரட்டையானது. முதலாவது நெருங்கிய உறவுச் சேர்க்கை: ஒரே பொலிகிடாவைப் பல ஆண்டுகள் பட்டியில் வைத்திருந்தால் அது தன் மகள்களோடு சேரும், அவ்வாறு பிறக்கும் குட்டியின் உட்கலப்புக் கெழு, அதாவது ஒரே மூதாதையிடமிருந்து ஒரே மரபணு இருவழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு, 25 விழுக்காடு. பிறப்பு எடை குறைவதும் குட்டிகள் இறப்பதும் அதன் வழக்கமான விளைவுகள்.

இரண்டாவது கேடு இன்னும் ஆழமானது. எடை வேகமாக ஏறும் கிடாக்குட்டிக்கே சந்தையில் முதலில் விலை கிடைக்கிறது. ஆடி மாதக் கிடாவெட்டுக்கும் பக்ரீத்துக்கும் முந்திப் போவது அதுதான். பட்டியில் எஞ்சும் மெதுவாக வளர்ந்த கிடாவே அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகிறது. பல தலைமுறைகளாக இப்படிச் சிறந்ததை விற்றுச் சுமாரானதைப் பெருக்கிவந்ததன் இழப்பை எந்தக் கணக்கெடுப்பும் காட்டுவதில்லை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பு தமிழகத்தில் சுமார் 45 இலட்சம் செம்மறிகள் இருப்பதாகச் சொன்னது. எண்ணிக்கையை எண்ணிவிட்டோம், தரத்தை எண்ணவில்லை.

இங்கிலாந்தில் ஆட்டின் அடையாளப் பதிவும் வம்சாவளிப் பதிவும் தனித்தனியே இயங்குகின்றன. அங்கே ஒரேயொரு ஆடு வைத்திருப்பவரும் நிலத்துக்கான எண்ணையும் மந்தைக்கான குறியையும் அரசிடம் பெற்று ஆட்டுக்கு வில்லை பொருத்தியாக வேண்டும், அது நோய்த்தடுப்புக்காக. வம்சாவளியை எழுதுவது வளர்ப்போர் சங்கங்களின் வேலை. ஷ்ராப்ஷயர் செம்மறி வளர்ப்போர் 1882இல் சங்கம் அமைத்து அடுத்த ஆண்டே மந்தைப் பதிவேட்டை வெளியிட்டனர். அந்தப் பதிவேட்டைத் தொடங்கியவர்கள் வளர்ப்போரே என்பது இங்கே கவனிக்க வேண்டியது.

திருநாவலூர் அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அத்தகைய வம்சாவளிப் பதிவுக்கான அடித்தளம் இல்லாமல் இல்லை. சின்னசேலத்தில் அரசு ஆட்டுப்பண்ணை உண்டு. மாவட்ட எல்லையை ஒட்டித் தலைவாசலில் கால்நடை ஆராய்ச்சி வளாகம் எழுந்துள்ளது. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978 முதல் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. இத்தகைய பண்ணைகளிலிருந்து விவசாயிக்குப் போகும் ஒவ்வொரு பொலிகிடாவுடனும் தாய், தந்தை எண்களும் பிறந்த தேதியும் மூன்று மாத எடையும் எழுதிய சான்று கட்டாயமாக வழங்கப்பட வேண்டும். அந்த விவரங்கள் தேசியத் தரவுத்தளத்தில் அதே 12 இலக்க எண்ணின்கீழ் ஏற வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. திருநாவலூர் வட்டாரத்தில் புதிதாக ஆடு வளர்க்க வருவோர் அரசாணைக்குக் காத்திருக்காமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஈற்றுதோறும் தாயின் எண், கிடாவின் எண், பிறந்த நாள், பிறப்பு எடை, ஒற்றைக் குட்டியா இரட்டையா என்ற ஐந்தையும் எழுதத் தொடங்க வேண்டும். பக்கத்து ஊர்களில் அப்படி எழுதும் பத்துப் பேர் சேர்ந்து கிடாக்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். எடையில் முந்தும் கிடாக்குட்டி ஒன்றையாவது விற்காமல் பட்டியிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.