கரிவரியும் எங்கள் கொப்பியும்

"ஐரோப்பாவிலே கரிக்கு வரி போட்டுவிட்டார்கள், இனிப் பழைய விலை தரமுடியாது" என்று, முருங்கைக்காயும் பப்பாசியும் எடுக்க வருகின்ற வியாபாரி நாளைக்கு எங்கள் படலையில் நின்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் விலையைக் குறைத்துக்கொள்ள முன்னர் அவரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும். எந்தப் பொருளுக்கு வரி?

ஏனெனில் இந்த வரி மரக்கறிக்கோ பழத்துக்கோ தேங்காய்க்கோ பனம் பொருளுக்கோ உரியதல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2026 சனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தியுள்ள எல்லைக் கரிவரி, சீமெந்து, இரும்பு உருக்கு, அலுமினியம், உரம், ஐதரசன், மின்சாரம் ஆகிய ஆறு வகைகளையே பிடிக்கிறது. எமது நாட்டின் தேயிலையும் ஆடையும்கூட அதில் இல்லை. இல்லாத வரியைக் காட்டி ஏழையின் விலையை வெட்டுவது கள்ளத் தராசுக்குச் சமம். உபாகமம் பையில் இருவகை நிறைகற்கள் வைத்திருப்பதை விலக்கியது இத்தகைய வியாபாரத்தை நினைத்துத்தான் போலும்.

அப்படியானால் எமக்கு இதில் என்ன அலுவல்? வரியின் பட்டியலில் எமக்கு அலுவல் இல்லை. அதன் முறையில் இருக்கிறது.

ஐரோப்பியத் தொழிற்சாலைகள் தாம் வெளியேற்றும் கரியமில வாயுவுக்கு 2005 முதல் ஒரு விலைத்திட்டத்துக்குக் கட்டுப்பட்டுள்ளன. வெளிநாட்டுப் பொருள் அந்தச் செலவில்லாமல் உள்ளே வந்தால் தமது தொழில் படுத்துவிடும் என்பது அவர்கள் வாதம். ஆகவே இறக்குமதி செய்பவர், அப்பொருளை உற்பத்தி செய்கையில் எவ்வளவு வாயு வெளிவந்தது என்று கணக்குக் காட்டி, அதற்கேற்பச் சான்றிதழ் வாங்கவேண்டும். உற்பத்தியான நாட்டிலேயே கரிக்கு விலை செலுத்தியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். நிலக்கரியை எரித்தே செல்வம் சேர்த்த நாடுகள் இன்று எம்போன்ற நாடுகளிடம் கணக்குக் கேட்பதில் உள்ள நியாயத்தைப் பற்றிப் பேசினால் இந்தப் பக்கம் போதாது.

கவனிக்கவேண்டியது இதுதான். ஏற்றுமதியாளர் தன் தொழிற்சாலையின் உண்மைக் கணக்கைக் கொடுக்காவிட்டால், அவர்களே நிர்ணயித்த ஒரு தொகை எடுக்கப்படும். அது கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். ஆகையால் ஒரு வார்ப்பாலைக்காரர் இன்றே செய்யவேண்டிய ஆயத்தம் பெரிய வித்தையல்ல. மின்சாரச் சிட்டை, சூளைக்குப் போட்ட எரிபொருளின் நிறை, வாங்கிய மூலப்பொருள் எங்கே எப்படிச் செய்யப்பட்டது என்ற விபரம், மாதாந்த உற்பத்தி ஆகியவற்றை எழுதிவைத்து, தகுதிபெற்ற பரிசோதகர் ஒருவரிடம் உறுதிப்படுத்துவதே அது. கொப்பி உள்ளவன் உள்ளதைக் கட்டுவான். கொப்பி இல்லாதவன் கூடக் கட்டுவான்.

இந்த முறை எமக்குப் புதிதல்ல. 2015 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. 2016 யூனில் தடை நீங்கியது. நீங்க உதவியவற்றுள் முக்கியமானவை, ஆழ்கடல் வள்ளங்களுக்குப் பூட்டிய செய்மதிக் கருவியும், பிடித்த மீனைக் கடலிலேயே எழுதிவைத்த பதிவுப் புத்தகமும். கொழும்பிலே ஏற்றுமதியாளர் எத்தனை கூட்டம் வைத்தாலும், வள்ளத்தில் போனவன் எழுதாமல் அது நடந்திராது.

இப்போது அதே கேள்வி காணிக்கு வருகிறது. காடழிப்பைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் ஒரு சட்டம் ஆக்கியது. றப்பர், கோப்பி, கொக்கோ, மரம், செம்பனை, சோயா, மாடு ஆகியவற்றிலிருந்து வரும் பொருட்களுக்கு அது பொருந்தும். இருதடவை பிற்போடப்பட்டு, பெரிய கம்பனிகளுக்கு 2026 டிசெம்பர் முடிவில் அமுலாகவேண்டும் என்று திகதி இடப்பட்டது. விளைந்த காணி எங்கே உள்ளது என்று அகலக்கோடு நெடுங்கோட்டுடன் காட்டவேண்டும். 4 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 10 ஏக்கர் வரைக்கும் ஒரு புள்ளி போதும். 2020 டிசெம்பர் 31 இன் பின் காடு வெட்டிய காணியாக இருக்கக்கூடாது. நாட்டின் சட்டப்படி அந்தக் காணியைப் பயன்படுத்தும் உரிமையும் இருக்கவேண்டும்.

தெற்கிலே றப்பர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர் இதைச் சமாளித்துக்கொள்வார். வவுனியாப் பக்கம் சிறிய அளவில் றப்பர் நட்டவர்களின் நிலை என்ன? நாளைக்கு இப்பட்டியலில் வேறு பயிர் சேர்ந்தால் எங்கள் எல்லோரின் நிலையும் என்ன? ஷெல்லடிக்கு ஓடியபோது உறுதி எரிந்தது, பெமிற் தொலைந்தது. தகப்பன் பெயரில் இருந்த காணி இன்னும் பிள்ளைகள் பெயருக்கு மாறவில்லை. இருபது வருடம் ஆளில்லாத தோட்டம் பற்றை மண்டி, மரம் ஓங்கி, காடென்று எல்லைக்கல் நடப்பட்ட இடங்களும் உண்டு. திரும்பிவந்த குடும்பம் அதை வெட்டித் துப்புரவாக்கினால், மேலேயிருந்து எடுத்த படத்தில் முதலில் பச்சை தெரியும், பிறகு வெட்டை தெரியும். நடுவில் நடந்த இடப்பெயர்வு தெரியாது. வலிகாமம் வடக்கில் 1990 இல் வெளியேறியவர்களுள் ஒரு பகுதியினர் இன்னும் தம் காணியில் காலே வைக்கவில்லை. அவர்களிடம் எந்தப் புள்ளியைக் கேட்பது?

ஆகையால் ஆயத்தம் என்ற சொல்லை ஏற்றுமதியாளர் தம் கந்தோருக்குள் முடித்துக்கொள்வதை நாம் ஏற்கலாகாது. கணக்கு அவர்களுக்கு வேண்டும். அதை உண்டாக்கும் செலவு, காணி அளக்கும் கூலி, பரிசோதகர் கட்டணம் எல்லாம் அவர்கள் தலையில்தான் விழவேண்டும், கமக்காரன் தலையில் அல்ல. ஒவ்வொருவராகப் போய்க் கேட்டால் கிடைக்காது. சங்கமாகக் கேட்டு, உடன்படிக்கையில் எழுதுவிக்கவேண்டும். எழுதிய கொப்பியின் ஒரு பிரதி எங்களிடம் இருக்கவும் வேண்டும். இல்லையேல் வியாபாரியை மாற்றும் அன்று எங்கள் கணக்கும் அவரோடு போய்விடும்.

எங்கள் பக்கத்து வேலையும் உண்டு. உறுதி இல்லாதவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். கமநல சேவை நிலையத்தில் வயல் பதிவு இருந்ததா என்று பார்க்கலாம். பழைய மின்சாரச் சிட்டை, கிணறு, வரிசையாக நின்ற தென்னை, அயலவரின் சத்தியக் கடதாசி இவையெல்லாம் அது காடல்ல, தோட்டம் என்பதற்குச் சாட்சி. துப்புரவாக்க முன்னர் படம் எடுத்து, திகதி எழுதி வையுங்கள். கிணற்றுக்கட்டு தெரியும்படி எடுங்கள்.