விறகுச் சுவர் வீடு!

விறகு எதற்கு? அடுப்பு எரிக்க. அதைக் கொண்டு வீடு கட்டலாம் என்றால் சிரிப்பீர்கள். ஆனால், கட்டியிருக்கிறார்கள்!

அமெரிக்காவில் விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. குளிர்காலத்தில் ஏரி உறைந்துபோகும் இடம். அங்கே ஜென்னிங்ஸ் என்ற ஊரில் 1899-ம் ஆண்டில் ஒரு கடை கட்டினார்கள். அதன் சுவர், விறகுச் சுவர். 100 ஆண்டைத் தாண்டியும் அது விழவில்லை!

எப்படிக் கட்டுவது?

மரத்தைப் பட்டை உரிக்கிறார்கள். ஒன்றரை அடித் துண்டுகளாக அறுக்கிறார்கள். சுவரின் குறுக்கே அடுக்குகிறார்கள். துண்டின் ஒரு முனை வீட்டுக்குள்ளே தெரியும். மறு முனை வெளியே தெரியும். வட்டம் வட்டமாகப் பார்க்க அழகாக இருக்கும். சிலர் இடையிடையே வண்ணப் பாட்டில்களைப் பதிக்கிறார்கள். வெயில் பட்டால் சுவரே மின்னும்!

மணல், சுண்ணாம்பு, சிமெண்டு, ஊறவைத்த மரத்தூள் ஆகியவற்றைச் சேர்த்ததுதான் கலவை. அதைச் சுவரின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் மட்டுமே பூசுகிறார்கள். நடுவில் கலவை கிடையாது. அங்கே உலர்ந்த மரத்தூளும் சுண்ணாம்பும் நிரப்புகிறார்கள்.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கலவை குளிரைக் கடத்தும். மரத்தூள் அதை வழிமறிக்கும். வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் கதகதப்பு இருக்கும்.

அவசரம் ஆகாது

ஈர மரத்தை அடுக்கினால் என்ன ஆகும்? காயக் காயச் சுருங்கும். இடுக்கு விழும். குளிர்காற்று உள்ளே புகும். கனமான மரமோ, நன்றாகக் காய்ந்தபின் மழையில் நனைந்தால் உப்பும். சுவரையே தள்ளிவிடும். ஆகவே செடார் போன்ற இலேசான மரமே நல்லது. அதையும் காயவைத்தே அடுக்க வேண்டும். கூரை நன்றாக வெளியே நீண்டிருக்க வேண்டும். சுவர் தரையில் படாமல், உயர்ந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்க வேண்டும்.

யாருக்கு லாபம்?

கூலிக்கு ஆள் வைத்துக் கட்டினால் இதில் லாபம் இல்லை என்பது என் கருத்து. வேலை அதிகம். நாளும் அதிகம். ஆனால், துண்டுகள் சிறியவை. கணவன் கலவை போடலாம், மனைவி அடுக்கலாம், பிள்ளைகள் மரத்தூள் நிரப்பலாம். கைப்பணம் குறைந்த குடும்பத்துக்கு உழைப்பே முதல். கடன்காரன் கதவைத் தட்டாத வீடு சிறியதானாலும் நிம்மதியான வீடு.

அடுப்பில் வைத்தால், அந்த விறகு ஒரு குளிர்காலத்துக்குக் காணாது. பொறுமையோடு சுவரில் வைத்தால், பேரப்பிள்ளைகளையும் குளிரிலிருந்து காக்கும்!