எங்க ஊருக்குக் கோனன் வந்தா என்ன செய்வான்?

2025 பொங்கலுக்கு வந்த என் பையன் நாலு நாளும் திண்ணையில் சாய்ந்துகொண்டு போனில் ஜப்பான் கார்ட்டூன்தான் பார்த்தான். கார்ட்டூன் என்று சொன்னால் கோபம் வரும், "அனிமேப்பா" என்பான். பேர் டிடெக்டிவ் கோனன். 1996-லிருந்து ஜப்பான் டிவியில் ஓடுகிறதாம், ஆயிரம் எபிசோடு தாண்டிவிட்டதாம். நம்ம மெகா சீரியல்காரர்களே கும்பிட வேண்டிய ஆள்கள். மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓடுகிற எழுத்தை அவன் படித்துச் சொன்னான், கேட்டுக்கொண்டே பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

கதை தெரியாதவர்களுக்கு: ஷின்இச்சி என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், பெரிய துப்பறிவாளன். கறுப்புச் சட்டைக்காரர்கள் கொடுத்த மருந்தில் ஆள் சுருங்கிச் சின்னப் பயலாகிவிடுகிறான். எடோகாவா ரம்போ, கோனன் டாயல் இரண்டு துப்பறியும் எழுத்தாளர்கள் பெயரையும் சேர்த்துக் கோனன் என்று பேர் வைத்துக்கொண்டு, மோரி என்கிற ஒரு சுமாரான டிடெக்டிவ் வீட்டில் தங்குகிறான். கொலை நடந்தால் கைக்கடிகாரத்திலிருந்து மயக்க ஊசி விட்டு மோரியைத் தூங்க வைத்துவிட்டு, அவர் குரலிலேயே பேசிக் கொலைகாரனைப் பிடிப்பான்.

எனக்குப் பிடித்தது அக்கம்பக்கத்துக் கொலைக் கதைகள். ஒரு தெரு. ஒருத்தர் செத்துக் கிடப்பார். பக்கத்து வீட்டுக்காரர், வாடகைக்கு இருப்பவர், தூரத்துச் சொந்தம் என்று மூணு பேர்மேல் சந்தேகம். மூணு பேருக்கும் செத்தவர்மேல் ஒரு காரணமும் இருக்கும், அந்த நேரத்தில் நான் வேற இடத்தில் இருந்தேன் என்று ஒரு சாட்சியும் இருக்கும். நூலைக் கட்டி, ஐஸ்கட்டியை வைத்து, கதவை உள்ளே பூட்டி என்னென்னமோ செய்திருப்பான் கொலைகாரன். கடைசியில் மண்டியிட்டு அழுது, ஏன் செய்தேன் என்று அவனே சொல்லிவிடுவான்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. அந்த ஊரில் ஆள் செத்தால் உடனே இன்ஸ்பெக்டர் மெகுரே வந்து நிற்கிறார். கொலையைக் கொலை என்றே எடுத்துக்கொண்டு விசாரிக்கிறார். யார் செய்தது என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. நம்ம பக்கத்தில் பல சமயம் ஊரே இன்னார் என்று பேசும். நடந்தது கொலைதான் என்று காகிதத்தில் ஏறுமா என்பதுதான் இங்கே மர்மம்.

அதே பொங்கலில்தான் அது நடந்தது. காணும் பொங்கலுக்கு மறுநாள், ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. திருமயம் பக்கம் வெங்களூரைச் சேர்ந்த ஜகபர் அலி பள்ளிவாசலில் தொழுதுவிட்டு டூவீலரில் திரும்பும்போது டிப்பர் லாரி மோதி இறந்தார். வயது 58. அதிமுகவில் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவர். திருமயம் வட்டாரத்துக் கல் குவாரிகளில் அனுமதிக்கு மேல் வெட்டுகிறார்கள் என்று விடாமல் மனு கொடுத்துவந்தவர். சாவதற்குச் சில நாள் முன்னால்கூட மனு கொடுத்திருந்தார்.

முதலில் விபத்து என்றுதான் வழக்குப் பதிவானது. இது விபத்து இல்லை, கொலை என்று அவர் மனைவி புகார் கொடுத்த பிறகுதான் கொலை வழக்காக மாறியது. குவாரி உரிமையாளர்கள், லாரிக்காரர்கள் என்று ஐந்து பேர் கைதானார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. திருமயம் இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் ஆனார். பிரேதப் பரிசோதனையில் எக்ஸ்ரே எடுக்கவில்லை என்று பிரச்சினையாகி, அடக்கம் செய்த உடலை மறுபடி தோண்டி எக்ஸ்ரே எடுத்தார்கள். கைதானவர்கள் குற்றவாளிகளா என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும், அது என் வேலை இல்லை.

நான் பார்ப்பது அந்த முதல் வார்த்தையை. விபத்து. போலீஸ் தரப்பு சொல்வது உண்மையென்றால் இங்கே நூலும் வேண்டாம், ஐஸ்கட்டியும் வேண்டாம். ரோட்டில் மணிக்கு நாலு டிப்பர் போகிற ஊரில் ஒரு டிப்பர் போதும். வீட்டுக்காரம்மா அழுதுவிட்டுச் சும்மா இருந்திருந்தால், டிரைவர் கவனக்குறைவு என்று எழுதி, இன்சூரன்ஸ் கேஸ் போட்டு, முடிந்திருக்கும். கோனன் வந்திருந்தாலும் துப்பறிய அவனுக்குக் கேஸே இருந்திருக்காது.

செய்தி வந்த அன்று பையன் போனை வைத்துவிட்டுக் கேட்டான்: "ஏம்ப்பா, அந்தப் பக்கத்து ஆளுகளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?"

"அவருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சிருக்கும். அதுக்கு மேல தெரிஞ்சவங்க சொல்ல மாட்டாங்க."

பேப்பர் படிக்கிறவர்கள் இதையும் கவனித்திருப்பீர்கள். நம்ம மாவட்டச் செய்திகளில் எத்தனை இளம் பெண்கள் 'தீராத வயிற்றுவலி'யால் விஷம் குடித்துச் செத்திருக்கிறார்கள்? எந்த டாக்டரும் பார்க்காத வயிற்றுவலி. அதில் எத்தனை உண்மையான வலி, எத்தனை அடி, எத்தனை வேறு சாதிப் பையன், எத்தனை யாரோ வாயில் ஊற்றியது என்று யாருக்குத் தெரியும்? அந்தந்தத் தெருவுக்குத் தெரியும். நான் சின்னப் பயலாக இருந்தபோது எங்க ஊரிலும் ஒரு வயிற்றுவலி நடந்தது. விடியற்காலையிலேயே எரித்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த வீட்டைத் தாண்டும்போது என் வயசு ஆள்கள் பேச்சை நிறுத்துவோம். அவ்வளவுதான் விசாரணை.

டவுனில் இருப்பவர்கள் கேட்பீர்கள், தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே என்று. என் வயலுக்கு மடைத்தண்ணி இன்னொருத்தர் வரப்பைத் தாண்டித்தான் வரும். அறுவடை மிஷின் வேறொருத்தர் நிலத்தில் இறங்கித்தான் என் நிலத்துக்கு வரணும். அவர் பங்காளிமேல் நான் சாட்சி சொன்னால் அந்தப் போகத்தோடு என் கதை முடிந்தது. கேஸ் வாய்தா வாய்தாவாகப் பத்து வருஷம் இழுக்கும், ஒவ்வொரு தடவையும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறணும், ஒரு நாள் வேலை போச்சு. எதிர்த்தரப்பு ஆளும் அதே பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வருவான். கோனன் ஊரில் ஒரு எபிசோடு முடிந்தால் அந்தத் தெருவே மறைந்துவிடும், அடுத்த வாரம் வேறு தெரு, வேறு ஆள்கள். எங்களுக்கு அதே தெரு. கொன்றவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் மொய் எழுதணும், செத்தவன் வீட்டுக் கருமாதிக்கும் போகணும்.

துப்பறிந்து முடித்தாலும் இங்கே முடிவதில்லை. இதே மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். சிபிசிஐடி வந்தது, டிஎன்ஏ சோதனை எல்லாம் நடந்தது. ரெண்டு வருஷம் கழித்து, இதே 2025 ஜனவரியில், குற்றப்பத்திரிகையில் வந்தது அதே தலித் தரப்பைச் சேர்ந்த மூணு பேரின் பெயர். அந்த சனங்கள் அதை ஏற்கவில்லை. மண்டியிட்டு அழுது ஒத்துக்கொள்ள இங்கே யாரும் வரவில்லை.

என் கருத்து இவ்வளவுதான். மணல், கல், கண்மாய் ஆக்கிரமிப்பு என்று மனு கொடுத்து வந்த ஒருத்தர் ரோட்டில் செத்தால், முதல் நாளே அதைக் கொலையாக வைத்துத்தான் விசாரிக்கணும். விபத்து என்று நிரூபிக்கிற வேலை போலீஸுடையதாக இருக்கட்டும். அவர் வீட்டுக்காரம்மா அழுதுகொண்டே ஸ்டேஷனுக்குப் போய் நிற்கிற நிலை வரக்கூடாது. எக்ஸ்ரே, வீடியோ எல்லாம் அடக்கத்துக்கு முன்னாடி எடுக்கணும். இன்னொன்று, மனு கொடுத்தவன் பேரும் ஊரும் வெளியே போகக்கூடாது. காலையில் மனு கொடுத்தால் சாயங்காலம் டீக்கடையில் "என்னண்ணே, மனு குடுத்தீங்களாமே" என்று கேட்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால் சிரிப்பார்கள். முறைகேட்டை வெளியே சொல்பவரைப் பாதுகாக்க 2014-லேயே பார்லிமெண்டில் சட்டம் போட்டார்கள். ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. சட்டம் பீரோவில் இருக்கிறது, மனு கொடுப்பவன் டூவீலரில் போகிறான்.

ஜகபர் அலி இறந்து ஒன்பதாம் நாள் ஜனவரி 26, கிராம சபை. ராத்திரியில் லோடு ஏற்றிக்கொண்டு எங்க தெரு வழியாகப் போகும் டிப்பர்களைப் பற்றிக் கேட்கணும் என்று பொங்கலுக்கு முன்னாடியே பேசி வைத்திருந்தோம். நாலு பேர் எழுந்து பேசுவதாக ஏற்பாடு. ரெண்டு பேர் வரவே இல்லை. வந்த ரெண்டு பேரில் நான் ஒருத்தன். தெருவிளக்கு, நூறு நாள் வேலைச் சம்பளம் எல்லாம் பேசினார்கள். நான் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி பையன் காலேஜிலிருந்து போன் பண்ணி, "டிப்பர் விஷயம் கேட்டீங்களாப்பா?" என்றான். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் கோனன் பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

இவ்வளவு எழுதியும் எங்க ஊர்ப் பேரை எங்கேயும் போடவில்லை. கவனித்திருப்பீர்கள்.