சீமைப் பெருச்சாளிக்குச் சீமந்தம்

“இரண்டும் பெண் என்றுதான் கடைக்காரர் சொன்னார்; இப்போது ஒன்று நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போகிறதே!” என்று பள்ளிப் பிள்ளைகள் நம்மிடம் வந்து சொல்வதுண்டு. கினிப் பன்றி என்னும் சீமைப் பெருச்சாளியைப் பற்றிய முறையீடுதான் அது. கடைக்காரர் கண்ணுக்கு எல்லாக் குட்டியும் பெண்ணாகவே தோன்றும் போலும்! அந்தப் பிராணி பன்றியும் அன்று, கினி நாட்டதும் அன்று. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டார் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வீட்டுக்குள் வளர்த்து வந்தது.

எலி மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும். அக்குட்டிக்குக் கண்ணும் திறந்திராது, மயிரும் இராது. கினிப் பன்றியோ 59 முதல் 72 நாள் வரை கருவைச் சுமக்கிறது. பிறக்கும் குட்டிக்கு மயிர், பல், திறந்த கண் எல்லாம் உண்டு. சில மணி நேரத்தில் ஓடும். மறுநாளே புல்லைக் கறிக்கும். இவ்வளவையும் வயிற்றுக்குள்ளேயே முடித்துத் தர வேண்டிய பாரம் தாயுடையது. ஒரு கிலோ எடைகூட இல்லாத உடம்பில் மூன்று நான்கு குட்டிகள் என்றால் அந்தச் சுமையை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முதலில் கேட்க வேண்டியது தாயின் வயது. பிரசவ காலத்தில் அதன் இடுப்பெலும்பின் முன்பகுதி விரிந்து குட்டிக்கு வழிவிடும். இந்த நெகிழ்ச்சியை உண்டாக்கும் சுரப்பைப் பிரெடரிக் ஹிஸா என்ற அமெரிக்க விஞ்ஞானி 1926-இல் கண்டறிந்ததே கினிப் பன்றியில்தான். ஆனால், ஏழெட்டு மாதம் வரை ஒரு முறையும் ஈனாத பெண்ணுக்கு அவ்வெலும்பு இறுகிப்போகக்கூடும். அப்படிப்பட்டது கருவுற்றிருந்தால், வலி காணும்வரை காத்திராமல் முன்னதாகவே கால்நடை வைத்தியரிடம் காட்டிவிட வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

இனி ஆகாரம். மனிதரைப் போலவே இந்தப் பிராணிக்கும் வைட்டமின் ‘ஸி’யைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ளும் சக்தி இல்லை. நார்வே நாட்டு ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் இருவரும் 1907-இல் வெறுந்தானியம் தின்ற கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் காண்பதை வெளியிட்டார்கள். கர்ப்பிணிக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிகிராம் அந்தச் சத்து தினமும் வேண்டும். சாதாரண நாளில் வேண்டியதைப் போல் மூன்று மடங்கு. இதற்காகச் சீமைச் சொட்டு மருந்தைத் தேடி அலைவானேன்? விதை நீக்கிய கொய்யாத் துண்டு பத்துப் பதினைந்து கிராம் போதும். கொத்துமல்லித் தழையும் நல்லதே. முயல் தீனியில் இந்தச் சத்தைச் சேர்ப்பதில்லை. ஆகையால் அதை நம்பலாகாது. உலர்ந்த புல் எப்போதும் குறையாமல் இருக்கட்டும். கிடைத்தால் குதிரைமசாலும் சேர்க்கலாம். வெங்காயம், உருளைக்கிழங்கு, சோறு இவை கூடவே கூடாது.

நம் ஊர் வெயில் இதற்குப் பெரும் பகை. 30 டிகிரிக்கு மேல் உஷ்ணம் ஏறினாலே கர்ப்பிணிக்கு ஆபத்து. கூண்டைக் குளிர்ந்த தரையில் வைத்து ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டுங்கள். கடைசி இரண்டு வாரம் தூக்கவே வேண்டாம். தெருப்பிள்ளைகளை வேடிக்கைக்கு அழைத்து வருவதும் வேண்டாம். பருத்த பெண் பயத்தாலோ வேறெதனாலோ அரை நாள் தின்னாமல் இருந்தால் இரத்தம் நச்சுப்பட்டு மாண்டுபோகக்கூடும். அது சோர்ந்து உட்கார்ந்தால் அன்றே வைத்தியரிடம் ஓடுங்கள். அலமாரியில் மிச்சமிருக்கும் பெனிசிலின் வகை மாத்திரையைக் கரைத்துப் புகட்டும் சாமர்த்தியம் மட்டும் வேண்டாம். குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, அதுவே உயிருக்கு உலை வைத்துவிடும்.

பிரசவம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். இருபது நிமிஷம் முக்கியும் குட்டி வராவிட்டால் தாமதிக்கலாகாது. தாய் நஞ்சுக்கொடியைத் தின்பதைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டாம், அது இயற்கை. ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி கருத்தரிக்கும் சுபாவம் இதற்கு உண்டு. எனவே ஆணை முன்கூட்டியே வேறு கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். தாய்க்கு மடிக்காம்பு இரண்டுதான். குட்டி நான்கானால் முறைபோட்டுக் குடிக்கும். மூன்று வாரம் ஆனதும் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் தங்கைகளிடமிருந்தும் பிரித்து வையுங்கள். எது ஆண், எது பெண் என்பதை இந்தத் தடவை கடைக்காரரிடம் கேட்க வேண்டாம், வைத்தியரிடம் கேளுங்கள்.