பறவையை அறிந்தால் பயிருக்கு லாபம்

சரணாலயம் என்ற பெயர் வரும் முன்பே வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைக் காத்தவர்கள் அவ்வூர் விவசாயிகள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். வேட்டையைத் தடுக்கும் உரிமையை 1798-லேயே கலெக்டரிடம் பெற்றனர்.

நாமோ, எலி தின்னும் ஆந்தையை அபசகுனம் என்று விரட்டிவிட்டு, எலிக்கு விஷம் வாங்குகிறோம். நத்தைகுத்தி நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

வேளாண் அலுவலர்களே, நவம்பர் முதல் மார்ச் வரையிலான பறவைப் பருவத்தில் ஒரு பயிற்சியையாவது அருகிலுள்ள சரணாலயத்திலோ ஏரிக்கரையிலோ நடத்துங்கள். விவசாயிகளே, பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். எந்தப் பறவை எதைத் தின்னும், எந்த மரத்தில் கூடு கட்டும் என்பதை ஊர்ப் பெரியவர்கள் சொல்லட்டும். நன்மை செய்யும் உயிரை அடையாளம் தெரிந்தவர், மருந்து தெளிக்கும் முன் ஒருமுறை யோசிப்பார்.